நிறம் மாறினால் நோய் போய்விடுமா?

ஆன்டிஆக்ஸிடன்ட் அளக்கும் ஒளியியல் சென்சார்களைப் பற்றி வரும் கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே பல்லவியைத்தான் பாடுகின்றன. உடம்பில் ஃப்ரீ ராடிக்கல்கள் பெருகுகின்றன. அதனால் புற்றுநோய் வருகிறது, இதயம் கெடுகிறது, மூப்பு முந்துகிறது. இவற்றை அடக்குவது ஆன்டிஆக்ஸிடன்ட். எனவே எந்த உணவில் அது எவ்வளவு இருக்கிறது, யாருடைய ரத்தத்தில் எவ்வளவு ஓடுகிறது என்று அளந்தே ஆக வேண்டும். இன்றுள்ள கருவிகள் விலை கூடியவை; ஆகவே மலிவான, கையில் எடுத்துப் போகக்கூடிய, நிறம் மாறும் ஒரு பட்டை வேண்டும். இதோ அந்தப் பட்டை!

பட்டையோடு எனக்குத் தகராறு இல்லை. அது நன்றாகவே வேலை செய்கிறது. அதற்கு முன்னால் வரிசையாக வந்த வாக்கியங்கள்தான் ஒன்றுகூடத் தேறவில்லை. அளப்பது கடினமாக இருப்பதால்தான் இந்த எண் இன்னும் மருத்துவத்துக்குப் பயன்படவில்லை என்று சென்சார்காரர்கள் நம்புகிறார்கள். அளப்பது அரை நூற்றாண்டாகவே சுலபமாகத்தான் இருக்கிறது. எண்ணுக்கு அர்த்தம் இல்லை, அதனால்தான் பயன்படவில்லை.

பட்டைக்குரிய மரியாதையை முதலில் செய்துவிடலாம். இஸ்தான்புல் பல்கலைக்கழகத்தில் ரெஷாத் அபாக்கின் குழு 2004-ல் க்யூப்ராக் என்ற முறையை வெளியிட்டது. நியோகுப்ராயின் என்ற கரிமச் சேர்மத்தோடு கட்டுண்ட தாமிரம், எலக்ட்ரான் ஒன்றை வாங்கியதும் ஆரஞ்சு கலந்த மஞ்சள் நிறத்துக்கு மாறும். 450 நானோமீட்டர் அலைநீளத்தில் அந்த நிறம் எவ்வளவு ஒளியை விழுங்குகிறது என்று பார்த்தால் கணக்கு கிடைத்துவிடும். 2010-ல் அதே குழு அந்தத் தாமிரச் சேர்மத்தை நாஃபியான் சவ்வில் ஏற்றிச் சென்சாராக்கியது. நாஃபியானில் எதிர்மின் சுமையுள்ள குழுக்கள் இருப்பதால் நேர்மின் சுமையுள்ள தாமிரச் சேர்மத்தை அது கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். உணவுச் சாற்றில் போட்டாலும் கரைந்து ஓடாது. அழகான வேலை. 2013-ல் அமெரிக்காவின் கிளார்க்சன் பல்கலைக்கழகத்தார் சீரியம் ஆக்சைடு நானோ துகள்களைக் காகிதத்தில் ஏற்றி, தேநீர்ச் சொட்டு விழுந்தால் நிறம் மாறும்படி செய்தார்கள். பின்னால் வந்தவர்கள் தங்கம், வெள்ளி, கைப்பேசிக் கேமரா என்று அடுக்கிக்கொண்டே போகிறார்கள்.

இத்தனை திறமைக்குப் பிறகும் அந்த மஞ்சள் நிறம் சொல்லும் சேதி ஒன்றுதான். இந்தக் கரைசலில், இந்த அமிலத்தன்மையில், இத்தனை நிமிடத்துக்குள், இந்தத் தாமிரத்துக்கு எலக்ட்ரான் கொடுக்கத் தயாராக இவ்வளவு பொருள் இருந்தது. அந்தச் சவ்வில் ஃப்ரீ ராடிக்கலே கிடையாது. செல் இல்லை, கொழுப்புச் சவ்வு இல்லை, நொதி இல்லை. ட்ரோலாக்ஸ் என்று வைட்டமின் இ-யின் நீரில் கரையும் சேர்மம் ஒன்று உண்டு. அதற்கு இணையாக இத்தனை மைக்ரோமோல் என்று எண்ணை எழுதிவிடுகிறார்கள். அந்த எண் அச்சானவுடன் தாமிரமும் காணாமல் போகிறது, நிமிடக் கணக்கும் காணாமல் போகிறது. ‘மொத்த ஆன்டிஆக்ஸிடன்ட் திறன்’ என்ற பட்டம் மட்டும் மிஞ்சுகிறது.

மற்ற முறைகளின் கதையும் இதேதான். ஃபோலின்–சியோகால்டியோ ரியேஜென்ட் 1927-ல் புரதத்திலுள்ள டைரோசினையும் டிரிப்டோஃபேனையும் அளக்கப் பிறந்தது. பிற்பாடு ஒயினில் ஃபீனாலை அளக்கப் போனது. இன்று உலகத்து இலைதழைகளையெல்லாம் அளக்கிறது. வைட்டமின் சி இருந்தாலும் நீலமாகும், குளுக்கோஸ் மாதிரியான சர்க்கரை இருந்தாலும் கொஞ்சம் நீலமாகும். 1996-ல் பென்சியும் ஸ்ட்ரெயினும் கொண்டுவந்த ஃப்ராப் முறை இரும்பை வைத்து 3.6 பிஎச்-ல் நடக்கிறது. அந்த அமிலத்தில் எந்த ரத்தமும் ஓடுவதில்லை. நம் செல்களுக்குள் மில்லிமோலார் அளவில் நிரம்பிக் கிடக்கும் குளூட்டாதயோனை அது ஏறக்குறைய கண்டுகொள்வதே இல்லை. செல்லின் முதல் காவல்காரனைப் பார்க்கத் தெரியாத ஒன்றுக்கு ‘மொத்த’ என்ற அடைமொழியை யார் கொடுத்தது?

நம் கல்லூரிகளில் அதிகம் புழங்குவது டிபிபிஎச். மூலிகையைக் காயவைத்து, பொடித்து, மெத்தனாலில் ஊறவைத்து, வடிகட்டி, ஊதாநிற டிபிபிஎச் கரைசலோடு கலந்து, அரைமணி இருட்டில் வைத்து, 517 நானோமீட்டரில் படித்து, அஸ்கார்பிக் அமிலத்தை ஸ்டாண்டர்டாக வைத்து, ஐசி50 போட்டு, ‘ஆற்றல் வாய்ந்த ஆன்டிஆக்ஸிடன்ட்’ என்று முடியும் ஆய்வேடு இல்லாத தாவரவியல் துறையோ உயிர்வேதியியல் துறையோ தமிழ்நாட்டில் இருந்தால் அது அதிசயம். 1958-ல் பிளாய்ஸ் இந்த முறையை முன்வைத்ததற்குக் காரணமே டிபிபிஎச் நிலையான ராடிக்கல் என்பதுதான். புட்டியில் அடைத்து அலமாரியில் வைக்கலாம். உடம்பில் தொல்லை கொடுக்கும் ஹைட்ராக்சில் ராடிக்கலின் ஆயுள் நானோ நொடிக் கணக்கு. அலமாரியில் உட்கார்ந்திருக்கும் ஒன்றை அணைத்ததை வைத்து, நானோ நொடியில் மறையும் ஒன்றை அணைக்கும் என்று எப்படிச் சொல்கிறோம்?

ஹைட்ராக்சிலைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. அது எதிரே வரும் எதோடும் மோதிவிடும். தேர்ந்தெடுக்கும் பழக்கமே அதற்கு இல்லை. ரத்தத்தில் குளுக்கோஸ் சுமார் 5 மில்லிமோலார். எவ்வளவு கிரீன் டீ குடித்தாலும் பாலிஃபீனால் பெரும்பாலும் ஓரிரு மைக்ரோமோலாரைத் தாண்டுவதில்லை. அதுவும் குடலும் கல்லீரலும் உருமாற்றிய வடிவத்தில். ஆயிரக்கணக்கான மடங்கு கூடுதலாக நிற்கும் சர்க்கரையைத் தாண்டி அந்த ராடிக்கல் பாலிஃபீனாலைத் தேடிப் போகாது. ‘ஹைட்ராக்சில் ராடிக்கலை அழிக்கும்’ என்று பாக்கெட்டில் போடுகிறவர்கள் சர்க்கரைப் பாக்கெட்டிலும் அதைப் போடலாம்.

சமையலறையிலிருந்தே வரும் ஒரு சங்கடமும் உண்டு. செம்பருத்தி வடிநீரின் சிவப்பு 520 நானோமீட்டர் அருகில் ஒளியை விழுங்கும். டிபிபிஎச்-ஐப் படிப்பதும் அங்கேதான். ஊதா மங்குவதை அளக்கும்போது சிவப்பு குறுக்கே நிற்பதால் செம்பருத்தியின் மதிப்பெண் குறைகிறது. மஞ்சள்தூளில் நேர்மாறு. குர்குமின் 425 நானோமீட்டர் வாக்கில் உச்சமாக ஒளி விழுங்கி, 450-லும் கணிசமாக விழுங்கும். க்யூப்ராக் பட்டை நிறம் ஏறுவதைத்தான் மதிப்பெண்ணாகக் கொள்கிறது. எலக்ட்ரானே கொடுக்காமல் வெறும் நிறத்தாலேயே மஞ்சளுக்கு மதிப்பெண் ஏறிவிடும். தாமிரம் ஏற்றாத வெறும் சவ்வு ஒன்றை அதே சாற்றில் போட்டுப் பார்த்துக் கழித்தால் இது சரியாகும். பரிசோதனைக்கூடத்தில் செய்வார்கள். கைப்பேசியோடு சந்தைக்குப் போகிறவர் செய்வாரா?

எண் பிழைபட்டாலும் சரிசெய்துகொள்ளலாம். பிழையில்லாத எண் என்ன செய்தது என்பதற்கு ஓராக் சாட்சி. இருக்கிற முறைகளிலேயே உடம்புக்குச் சற்று அருகில் வருவது இதுதான்: 37 டிகிரி வெப்பம், நிஜமான பெராக்சில் ராடிக்கல், ஃப்ளூரசீன் ஒளிர்வு எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கிறது என்ற கணக்கு. அமெரிக்க வேளாண்மைத் துறை இந்த முறையில் உணவுகளை அளந்து 2007-ல் பட்டியல் போட்டது. 2010-ல் 326 உணவுகளாக விரித்தது. அதில் கிராம்புத்தூளுக்கு 100 கிராமுக்கு 2,90,283, புளூபெர்ரிக்கு 4,669. பிரியாணிக்கு நாலு கிராம்பு போடுகிற வீட்டில் 100 கிராம் கிராம்பை யார் சாப்பிடப் போகிறார்கள்? உலர்ந்த தூளையும் நீர் நிறைந்த பழத்தையும் எடைக்கு எடை நிறுத்தினால் தூள்தான் ஜெயிக்கும். வெயிலில் காயப்போட்டாலே நெல்லிக்காயின் எண் பல மடங்காகிவிடும். இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு உலகம் முழுக்க மாத்திரை விற்றார்கள். 2012-ல் வேளாண்மைத் துறை பட்டியலையே இணையத்திலிருந்து எடுத்துவிட்டது. சோதனைக்குழாயில் கிடைத்த இந்த எண்களுக்கும் மனித உடம்பில் நடப்பதற்கும் தொடர்பு காட்ட முடியவில்லை, உணவு நிறுவனங்களும் சப்ளிமென்ட் நிறுவனங்களும் தவறாகப் பயன்படுத்துகின்றன என்று காரணமும் சொன்னது. முருங்கைப்பொடி விளம்பரங்களில் ஓராக் எண் இன்றும் ஓடுகிறது.

உணவை விடுங்கள், பணம்தான் போகும். ரத்தத்தில் இந்த விளையாட்டு ஆபத்தாகிறது. ரத்தப் பிளாஸ்மாவை ஃப்ராப் முறையில் அளந்தால் வரும் எண்ணில் சுமார் 60 சதவீதம் யூரிக் அமிலத்தின் பங்கு. கீல்வாதக்காரரின் கால் பெருவிரலை வீங்க வைக்கும் அதே யூரிக் அமிலம்! சிறுநீரகம் செயலிழந்தவருக்கு அது உடம்பில் தேங்கும். ‘மொத்த ஆன்டிஆக்ஸிடன்ட் திறன்’ உயரும். மஞ்சள் காமாலைக்காரருக்கு பிலிருபின் ஏறும். பிலிருபினும் எலக்ட்ரான் கொடுக்கும், போதாதற்கு 450 நானோமீட்டர் வாக்கில் தானே ஒளியை விழுங்கும். ஆக, படுக்கையில் கிடக்கும் நோயாளியின் ரிப்போர்ட் ஆரோக்கியமானவரின் ரிப்போர்ட்டைவிடப் பிரமாதமாக வரலாம். இப்படி ஒரு சோதனையை எந்த மருத்துவர் எதற்காக எழுதிக்கொடுக்க வேண்டும்?

2004-ல் லோட்டிட்டோ, ஃப்ரை என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் செய்த சோதனையை ஒவ்வொரு சென்சார் ஆய்வாளரும் மேசைமேல் ஒட்டிவைத்துக்கொள்ளலாம். ஆறு பேருக்கு ஆளுக்கு ஐந்து ஆப்பிள் கொடுத்தார்கள். ரத்தத்தின் ஆன்டிஆக்ஸிடன்ட் திறன் ஏறியது. வேறு ஆட்களாக இருந்தால் அங்கேயே நிறுத்தி, ஆப்பிளின் ஃப்ளேவனாய்டுக்கு விழா எடுத்திருப்பார்கள். இவர்கள் ஆப்பிளில் எவ்வளவு ஃப்ரக்டோஸ் உண்டோ அதே அளவை வெறும் தண்ணீரில் கரைத்து இன்னொரு நாள் கொடுத்துப் பார்த்தார்கள். அப்போதும் ஏறியது. ஃப்ரக்டோஸைக் கல்லீரல் அவசரமாகச் செரிக்கும்போது யூரிக் அமிலம் உண்டாகிறது. ஏற்றத்துக்குக் காரணம் அதுதான். சர்க்கரைத் தண்ணீர் குடித்தால் ஏறுகிற எண்ணைத்தான் நாம் ஆரோக்கியத்தின் அளவுகோல் என்கிறோம்.

எதிர்த்தரப்பில் அறிவாளிகள் இருக்கிறார்கள்; அவர்களுடைய வலுவான வாதத்தை மறைக்கக் கூடாது. ‘ஒவ்வொரு சேர்மமாக அளப்பதில் என்ன பயன்? உணவில் நூற்றுக்கணக்கான சேர்மங்கள் கூட்டாக இயங்குகின்றன. அந்தக் கூட்டு விளைவை மொத்த எண்தான் பிடிக்கும். மக்கள்தொகை ஆய்வுகளைப் பாருங்கள்: மொத்தத் திறன் அதிகமுள்ள உணவு உண்பவர்களுக்குப் பக்கவாதம் குறைவு என்று ஸ்வீடனில் கண்டிருக்கிறார்கள்.’ கண்டிருக்கிறார்கள், உண்மை. ஆனால் அத்தகைய உணவு உண்பவர் காய்கனி உண்பவர். காய்கனியில் நார்ச்சத்து இருக்கிறது, பொட்டாசியம் இருக்கிறது. அதை உண்பவர் வறுத்த பண்டத்தைக் குறைத்திருப்பார். இதில் எலக்ட்ரான் கொடுப்பதற்கு என்ன பங்கு என்று அந்த எண்ணால் பிரித்துச் சொல்ல முடியாது. நார்வேயில் இதே கணக்கைப் போட்டபோது மக்கள் உட்கொள்ளும் மொத்த ஆன்டிஆக்ஸிடன்ட்டில் 64 சதவீதம் காப்பியிலிருந்து வந்தது. காய்கனியைப் பின்னுக்குத் தள்ளிக் காப்பியை முதலிடத்தில் உட்கார வைக்கும் அளவுகோலை நம்பி டயட் சார்ட் எழுதத் துணிவீர்களா? கூட்டு விளைவு என்பதும் தாமிரத்தின் மேல் நடக்கும் கூட்டுதான். குடலைத் தாண்டி உள்ளே போகாத சேர்மம் உடம்பில் யாரோடு கூட்டுச் சேரும்?

அடுத்து, ஆன்டிஆக்ஸிடன்ட் கூடக் கூட நல்லது என்ற அடிப்படை நம்பிக்கை. இதைச் சோதித்துப் பார்த்தாயிற்று. பின்லாந்தில் 29,133 ஆண் புகைபிடிப்பாளர்களை வைத்து நடந்த ஆய்வு 1994-ல் வெளியானது: தினமும் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் விழுங்கியவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம். அமெரிக்காவில் கேரட் என்ற ஆய்வில் பீட்டா கரோட்டினோடு வைட்டமின் ஏ-யும் கொடுத்தார்கள்; 28 சதவீதம் அதிகமாகி, 1996-ல் குறித்த காலத்துக்கு 21 மாதம் முன்னதாகவே நிறுத்தினார்கள். 2009-ல் ரிஸ்டோ குழுவினர் உடற்பயிற்சி செய்பவர்களுக்கு வைட்டமின் சி, இ கொடுத்துப் பார்த்தபோது, பயிற்சியால் இன்சுலின் வேலை மேம்படுவதே தடைபட்டது. தசைக்குள் உண்டாகும் ராடிக்கல்கள்தாம் ‘இன்னும் பலமாகு’ என்று செல்லுக்குச் சேதி சொல்கின்றன. மாத்திரை அந்தச் சேதியை வாயிலேயே அடைத்துவிட்டது. நம் வெள்ளை அணுக்கள் கிருமியைக் கொல்வதே சூப்பர் ஆக்சைடு ராடிக்கலைத் தயாரித்துத்தான். அதைத் தயாரிக்கும் நொதி பிறவியிலேயே பழுதான குழந்தைகளுக்குச் சீழ்க்கட்டியும் பூஞ்சைத் தொற்றும் மாறிமாறி வரும். ராடிக்கலை வில்லனாக்கிய கதை இந்தக் குழந்தைகளிடம் எடுபடாது.

வேண்டாத ராடிக்கலை அடக்க உடம்பு வைத்திருக்கும் ஏற்பாடு நொதிகள்: 1969-ல் மெக்கார்டும் ஃப்ரிடோவிச்சும் கண்டுபிடித்த சூப்பர் ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ், கேட்டலேஸ், குளூட்டாதயோன் பெராக்ஸிடேஸ். இவை செலவாகாமல் திரும்பத் திரும்ப வேலை செய்பவை. பட்டைக்கு எலக்ட்ரான் கொடுத்துக் காலியாகும் பொருள் மட்டுமே கண்ணில் படும். நொதிகள் அதன் கணக்கில் வருவதேயில்லை.

இந்த அளவீடு குழந்தையின்மைச் சிகிச்சைக்குள்ளும் நுழைந்துவிட்டது. விந்து திரவத்தின் மொத்த ஆன்டிஆக்ஸிடன்ட் திறனை அளந்து, குறைவு என்று சொல்லி, கோ-என்சைம், லைகோபீன், செலினியம் என்று மாதக்கணக்கில் கேப்சூல் எழுதுவது வழக்கமாகிக்கொண்டிருக்கிறது. 2020-ல் வெளியான மோக்ஸி என்ற அமெரிக்க ஆய்வு இத்தகைய கலவை மாத்திரையை வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டது. விந்தணுவின் தரமும் மேம்படவில்லை, குழந்தைப்பேறும் கூடவில்லை. ஏற்கெனவே மனம் நொந்து வரும் தம்பதியிடம் மலிவான பட்டை ஒன்றைக் காட்டி, சிவப்பு மையில் ‘குறைவு’ என்று எழுதித் தருவது சேவை ஆகாது.

‘ஏழை நாடுகளுக்கு மலிவான கருவி வேண்டாமா?’ என்று கேட்பார்கள். வேண்டும்தான். ஆனால் மலிவு என்பது பயனுள்ள ஒன்றின் விலை குறைவது. பயனில்லாத எண் பத்து ரூபாய்க்குக் கிடைத்தால் பத்துப் பேர் வாங்கிய இடத்தில் பத்தாயிரம் பேர் வாங்குவார்கள், அவ்வளவுதான்.

இதே ஒளியியல் திறமையை உருப்படியாக எங்கே செலுத்தலாம்? ஒரே தோட்டத்துத் தேயிலை போன வாரமும் இந்த வாரமும் ஒரே தரமா, பாட்டில் ஜூஸில் ஆறு மாதத்தில் என்ன குறைந்தது, எண்ணெயின் வைட்டமின் இ வெயிலில் எவ்வளவு போனது — ஒரே பொருளை அதனோடே ஒப்பிடும் இந்த மாதிரிக் கேள்விகளுக்குப் பட்டை கச்சிதமான கருவி. அங்கே ‘திறன்’ என்ற பெரிய பேச்சே வேண்டாம். பலகாரக் கடை எண்ணெய்க்கு இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வைத்த விதியைப் பாருங்கள்: துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது. எதை அளக்கிறோம் என்று தெரிகிறது, எல்லை தெரிகிறது, தாண்டினால் செய்ய வேண்டியதும் தெரிகிறது. ஐரோப்பிய ஒன்றியம் ஆலிவ் எண்ணெய்க்கு அனுமதித்த வாசகமும் அப்படித்தான். 20 கிராம் எண்ணெயில் ஹைட்ராக்சிடைரோசாலும் அதன் வழிச் சேர்மங்களும் 5 மில்லிகிராம் இருக்க வேண்டும். ரத்தக் கொழுப்பு ஆக்ஸிஜனேற்றத்தால் கெடுவதிலிருந்து பாதுகாக்கிறது என்று மட்டும் சொல்லிக்கொள்ளலாம். சேர்மத்துக்கும் பெயர் உண்டு, விளைவுக்கும் பெயர் உண்டு. ஓராக் எண்ணுக்கு அங்கே இடமில்லை.

தோலின் கரோட்டினாய்டை ஒளியால் அளக்கும் கருவிகளும் இருக்கின்றன. உள்ளங்கையில் 473 நானோமீட்டர் நீல ஒளியைப் பாய்ச்சி ராமன் சிதறலைப் படிப்பது ஒரு வகை. சில வாரங்களாக ஒருவர் காய்கறி ஒழுங்காகச் சாப்பிட்டாரா என்று இது ஓரளவு சரியாகவே சொல்லிவிடும். ஊட்டச்சத்து ஆய்வில் அதற்கு மதிப்பு உண்டு. அதே எண்ணை ‘உங்கள் ஆன்டிஆக்ஸிடன்ட் ஸ்கோர்’ என்று சொல்லி மாத்திரை விற்கும்போதுதான் கோளாறு. கேரட் தின்றவருக்கு ஸ்கோர் ஏறும். தினம் நெல்லிக்காய் தின்றவருக்கு அதன் வைட்டமின் சி-க்காக ஒரு புள்ளிகூட ஏறாது, ஏனென்றால் கருவிக்குக் கரோட்டினாய்டு மட்டும்தான் தெரியும்.

ஆய்வு வழிகாட்டிகளுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த மாணவர் சென்சார் செய்கிறேன் என்று வந்தால் தாராளமாகச் செய்யச் சொல்லுங்கள். முடிவை ‘தாமிரம் ஒடுக்கும் திறன், இந்த பிஎச், இத்தனை நிமிடம்’ என்று எழுதச் சொல்லுங்கள். ரத்தம் என்றால் யூரிக் அமிலத்தைத் தனியாக அளந்து பக்கத்திலேயே போடச் சொல்லுங்கள். புற்றுநோயும் மூப்பும் வரும் முன்னுரைப் பத்தியை அடித்துவிடுங்கள். முழு உடல் பரிசோதனை பேக்கேஜில் ‘டோட்டல் ஆன்டிஆக்ஸிடன்ட்’ சேர்க்க நினைக்கும் லேப் உரிமையாளர்களே, சேர்க்காதீர்கள். அந்த எண்ணின் பெரும்பகுதி உங்கள் ரிப்போர்ட்டில் ஏற்கெனவே யூரிக் அமிலம் என்ற பெயரில் அச்சாகியிருக்கிறது.